சிஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டால்

சீட்டாட்டத்தில் சிஸ்டரிடம் சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள், குறைவாக இருக்கும்போது அவரைப் போலக் கலகலப்பான ஆள் அந்த மேஜையில் கிடையாது. பழைய இந்திப் பாட்டை முனகுவார். ஆட்டம் நடக்கும் சுபேதார் மேஜர் வீட்டு ஃபிரிட்ஜை உரிமையோடு திறந்து தண்ணீர் எடுப்பார். வடா பாவோடு வரும் பச்சை மிளகாயை எல்லோரிடமிருந்தும் பறித்துக் கடித்து, கண்ணில் நீர் வழியச் சிரிப்பார். இரண்டு மூன்று ஆட்டம் ஜெயித்து, முன்னால் சிப்ஸ் குவிந்துவிட்டால் பாட்டு நின்றுவிடும். கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுப்பார். புடவைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்துப் போட்டுக்கொள்வார். நான் என் சிப்ஸை எண்ண ஆரம்பிப்பேன்.

அது படிப்பதற்கான கண்ணாடி. சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்க்க அவருக்கு அது தேவையே இல்லை. எங்களைப் படிக்கத்தான் போட்டுக்கொண்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன், அது வேறு விஷயம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. புனே வானவடியில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அவருடைய தாத்தா ராணுவத்தோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பாவும் சிஸ்டரும் பிறந்தது ராணுவப் பகுதியான புனே கேம்ப்பில். தமிழில் ஆரம்பித்து இந்தியில் திரும்பி மராட்டியில் முடிப்பார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டுக்கு இன்சார்ஜ். என் மனைவி சுமதி அந்த வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். அதாவது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் யார் எதிரில் சீட்டோடு உட்கார்ந்தேனோ அவரிடம்தான் மற்ற ஆறு நாளும் என் மனைவி லீவு கேட்டு நின்றாள். சிஸ்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “இன்னாபா, சுமதி வீட்டுக்காரரே” என்பார். அந்த ஒரு விளிப்பிலேயே என் இடம் எதுவென்று எனக்குப் புரிந்துவிடும்.

ஆட்டம் போக்கர். ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர் வீட்டு ஹாலில், சர்ச்சில் பூசை முடிந்து சிஸ்டர் வந்ததும் ஆரம்பிப்போம். ஒன்பது பேர். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். சிப்ஸ் தீர்ந்தவர் எழுந்து போய் சோஃபாவில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்லலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டாயப் பந்தயம் உயரும்; சுபேதாரின் செல்ஃபோனில் பிகில் அடிக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கையிலிருப்பது கரைந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதில் கஷ்டம்.

என்னிடம் ஒரே ஒரு தடவை பெரிய குவியல் சேர்ந்தது. மேஜையிலிருந்த சிப்ஸில் பாதி எனக்கு முன்னால். பாணேரில் ஆபீஸ் முடிந்து, அந்த டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் ஸ்கூட்டர் ஓட்டி வீடு சேருகிற ஜென்மம் நான். வாழ்க்கையில் அப்படி எதுவும் என் முன்னால் குவிந்ததில்லை. தலைகால் புரியவில்லை. எல்லா ஆட்டத்திலும் நுழைந்தேன். கடைசிச் சிப்ஸோடு தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரை மிரட்டப் பார்த்தேன். அவர்கள் மிரளவில்லை, இருந்ததையெல்லாம் போட்டு என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரத்தில் நான் சோஃபாவில் இருந்தேன்.

டீ குடிக்கும்போது சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கையில் எப்போதும் சானிடைசர் வாசனை இருக்கும்.

“ஒண்ணும் இல்லாதவன்கிட்ட இன்னாத்துக்கு வம்புக்குப் போற? அவனுக்குப் போறதுக்கு இன்னா இருக்குது, எதுவேணா போடுவான். நெறைய வச்சிருக்கிறவன்கிட்டயும் போவாத, அவன் உன்ன முழுசா முழுங்கிடுவான். நடுவுல ஒருத்தன் இருப்பான் பாரு. கொஞ்சம் வச்சிருப்பான். அது போயிடுமோன்னு பயந்துக்கினே இருப்பான். அவன அமுக்கு.”

“அமுக்கறதுக்கும் நம்ம கையில நல்ல சீட்டு வேணுமே சிஸ்டர்?”

“அரே, சீட்டு இன்னாத்துக்கு? கையில இருக்கிற சிப்ஸ மொத்தமா வீசவே கூடாது. வீசிடுவாளோன்னு எதிர்ல இருக்கிறவன் நெனைக்கணும். அதுக்கு ஒரு சிப்ஸும் செலவாவாது.”

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். அந்த நடுவில் இருப்பவன் நான்தான் என்பது எனக்கு அடுத்த வாரமே புரிந்தது. சிஸ்டர் வேறு யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டார். என் முறை வந்தால் மட்டும் சிப்ஸை அடுக்கடுக்காக முன்னால் நகர்த்துவார். சுமாரான சீட்டை நான் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிடுவேன். மறுபடி நகர்த்துவார். மறுபடி கவிழ்ப்பேன். ஒரு மாசம் இதே கதை. எரிச்சலில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

சுமதியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “வார்டுலயும் அவங்க அப்படித்தாங்க” என்றாள்.

வார்டு ஆயாக்களை சிஸ்டர் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டாராம். ஏரவாடாவிலிருந்து பஸ் மாறி வரும் ஆயா தாமதமாக வந்தால் கையெழுத்து நேரத்தைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். தீபாவளிக்கு முதல் லீவு அவர்களுக்குத்தான். பெரிய டாக்டர்களோடும் மோதமாட்டார். ஆனால் திடீரென்று ஆள் குறைந்தால் டபுள் டியூட்டிக்குக் கைகாட்டுவது நடுவில் இருக்கும் ஸ்டாஃப் நர்சுகளைத்தான். பிள்ளை, வீட்டுக்கடன், ஸ்கூல் ஃபீஸ் என்று இருக்கிறவர்கள். வேலையை உதறிவிட்டுப் போகமாட்டார்கள். “கண்ணாடிய எடுத்துப் போட்டாங்கன்னா எங்கள்ல ஒருத்தி அன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாதுன்னு அர்த்தம்” என்றாள் சுமதி.

இதையும் சொல்ல வேண்டும்: சுமதி வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் ஒரு நோயாளிக்கு ஊசி மருந்தை மாற்றிப் போட இருந்தபோது, கடைசி நிமிஷத்தில் கையைப் பிடித்து நிறுத்தியவர் சிஸ்டர். யாரிடமும் அதைச் சொல்லவில்லை, எழுதவில்லை, பிறகு ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டவும் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அதுதான் என் தொல்லை.

அந்த வருஷம் நாங்கள் ஒன்பது பேரும் ஒரு திட்டம் போட்டோம். வருஷக் கடைசி ஆட்டத்தில் யார் இரண்டு பேர் மிஞ்சுகிறார்களோ, அவர்களை எல்லோரும் சேர்ந்து கோவாவில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவது. முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று வித்தியாசம் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே இடம். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆபீசில்கூட மீட்டிங் நடுவே இரண்டு சீட்டு கண்ணில் தெரியும்.

அதே சமயத்தில்தான் சுமதியின் முதுகு போனது. இடுப்பு ஒடிந்த நோயாளியைப் புரட்டிப் போடும்போது ஏதோ பிசகி, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் டிஸ்க் நகர்ந்திருந்தது. கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். எலும்பு முறிவு வார்டில் கனம் தூக்காமல் என்ன வேலை பார்ப்பது? ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளிகள் பிரிவுக்கு, மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை. மாற்றவேண்டுமானால் வார்டு இன்சார்ஜ் விடுவிக்கிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். சிஸ்டர் விண்ணப்பத்தை வாங்கினார், கண்ணாடி போட்டுப் படித்தார், “இருக்கிற ஆளே பத்தல, பாக்கலாம்” என்று டிராயரில் வைத்துவிட்டார்.

பதினாறு நாள் ஆயிற்று. சுமதி தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ராத்திரி புரண்டு படுக்க முடியாது. இன்னொரு தடவை கேட்டால் மறுத்துவிடுவாரோ என்று பயந்து அவள் கேட்கவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு நான் கிளம்பும்போது கதவருகே வந்தாள். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாள்.

“அவங்ககிட்ட ஜெயிச்சுட்டு வந்துராதீங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“சம்பந்தம் இருக்கோ இல்லையோ. கோவா உங்களுக்கு. முதுகு என்னோடது.”

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கோபமாக இருந்தது, அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கோபம்.

அன்றைக்கு எனக்கு நல்ல சீட்டுகளாக வந்தன. ஒவ்வொருவராக எழுந்து சோஃபாவுக்குப் போக, நாலு பேர் மிஞ்சியபோது டீக்கு நிறுத்தினோம். சிஸ்டரிடம் பெரிய குவியல். ஆனால் கண்ணாடியை அப்போதுதான் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். டீ கிளாசோடு என் பக்கம் திரும்பினார்.

“உன் வீட்டம்மா பேப்பரு...” என்று ஆரம்பித்தார்.

“என்ன சிஸ்டர்?” என்றேன். கேட்ட வேகத்தில் டீ சட்டையில் சிந்தியது. கர்ச்சீஃபால் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

“ஒண்ணுமில்லப்பா. ஆறிடும், குடி.”

டீக்குப் பிறகு நான்காவது ஆளும் போய்விட்டார். மிஞ்சியது மூன்று பேர், இடம் இரண்டு. சிஸ்டரிடம் மலை. என்னிடம் நடுத்தரம். சுபேதார் மேஜரிடம் இன்னும் மூன்று நாலு ஆட்டத்துக்குத் தாங்குகிற அளவு. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே சுபேதார் கரைந்துபோவார், எனக்கு இடம் கிடைத்துவிடும். இது சிஸ்டருக்கும் தெரியும். எனக்கு இது தெரியும் என்பதும் தெரியும். சோஃபாவில் இருந்த ஆறு பேரும் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

சிஸ்டர் மூன்று தடவை நகர்த்தினார். மூன்று தடவையும் கவிழ்த்தேன். என் அடுக்கு குறைய ஆரம்பித்தது.

நாலாவது ஆட்டத்தில் என் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ராஜா. இன்னொன்றும் ராஜா. இதற்கு மேலே உள்ள ஜோடி ஏஸ் மட்டும்தான். எதிரில் சிஸ்டர் இரண்டு உள்ளங்கைகளாலும் மொத்தக் குவியலையும் முன்னால் தள்ளினார்.

“ஆல்-இன்.”

சுபேதார் கவிழ்த்துவிட்டார். இனி நான்தான். போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் சிப்ஸ் மொத்தமும் உள்ளே. ஜெயித்தால் அவருடைய மலையில் பாதி எனக்கு வந்துவிடும். தோற்றால் நான் வெளியே. இந்த இடத்தில் ராஜா ஜோடியையே கவிழ்க்கலாம், சுபேதார் கரையும்வரை காத்திருக்கலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சத்தியமாக அந்தக் கணக்கெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டிராயர். அதற்குள் ஒரு காகிதம். கதவருகே பெல்ட்டோடு நின்ற சுமதி. ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் பயந்தேன். தோற்பதைப் பற்றி நினைக்கவே இல்லை.

சீட்டைக் கவிழ்த்து முன்னால் தள்ளினேன்.

கலைத்துப் போட வேண்டியது சுபேதாரின் முறை. அவர் கைக்கு லேசான நடுக்கம் உண்டு. வாரி எடுக்கும்போது என் சீட்டு இரண்டும் நழுவி நிமிர்ந்து விழுந்தன. ஆர்ட்டினும் கிளாவரும், இரண்டு ராஜாக்கள். சோஃபாவில் யாரோ மூச்சை இழுத்தார்.

சிஸ்டர் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சுமதி வீட்டுக்காரரே, நீ சீட்டு ஆடல. லீவு லெட்டர் குடுக்கிற.”

அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அதற்கப்புறம் என்னால் சரியாக ஆட முடியவில்லை. அடுத்த ஆட்டத்தில் சுபேதார் கடைசிச் சிப்ஸைப் போட்டார். ஆத்திரத்தில் ஒன்றுக்கும் ஆகாத சீட்டோடு மோதி அவரை வாழவைத்தேன். அடுத்ததில் மீதியையும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு சோஃபாவுக்குப் போனேன். கோவாவுக்கு அவர்கள் இருவரும் போவது முடிவாயிற்று.

மறுநாள் சாயங்காலம் சுமதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகம் மலர்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. கையில் ஆர்டர் நகல். அன்றைக்கே ஓபிடியில் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம் நான் தோற்றது வீண்போகவில்லை என்று ஒரு கேவலமான திருப்தி. காகிதத்தை வாங்கிப் படித்தேன். சிஸ்டரின் கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தது. வியாழக்கிழமை. ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால்.

இரண்டாவது தடவை படித்தேன். வியாழக்கிழமைதான்.

அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் போய் நின்றேன். சிஸ்டர் கையில் பைபிளோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மரத்தடிக்கு நடந்தார், நானும் போனேன்.

“வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டீங்க.”

“ஆமா. ஆஸ்பத்திரி வேற, சீட்டு வேற. உன் ஆட்டத்துக்காவ நான் அந்தப் பேப்பர ஒரு நாள்கூட நிறுத்தல. பதிலுக்கு ஆள் கெடைச்சது வியாழக்கிழமைதான். மேட்ரன் ஆர்டர் திங்கக்கிழமையிலேர்ந்துதான்.”

“டீ குடிக்கும்போது அதத்தான சொல்ல வந்தீங்க?”

“சொல்ல வந்தேன்.” பைபிளைக் கைமாற்றிப் பிடித்தார். “உன் மூஞ்சியப் பாத்தேன். சொல்லல.”

பொய் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

“மேஜையில உக்காந்தா கையில இருக்கிறதெல்லாம் வச்சுத்தான் ஆடுவேன். அந்த ராஜாவக் கவுத்ததுகூட தப்பில்லப்பா, நல்ல ஆட்டக்காரனே கவுப்பான். நீ எதுக்குக் கவுத்தேன்றதுதான் தப்பு. இன்னொண்ணு சொல்லட்டா? நான் என் சீட்டப் பாக்கவே இல்ல. உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

“நான் பயந்தது என் தப்பு சிஸ்டர். அவ என்ன பண்ணினா?”

“அவளுக்கு இன்னா கொறஞ்சது? மூணு நாள் முன்னாடி தெரிஞ்சா முதுகு வலி கொறஞ்சிருக்குமா?”

“தூக்கம் வந்திருக்கும் சிஸ்டர்.”

அவர் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்து வந்த யாரோ குட் மார்னிங் சொன்னார்கள். அதற்கும் அவர் திரும்பவில்லை. சிஸ்டர் கண்ணாடியை எடுத்தும் போட்டுக்கொள்ளாததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

அதன்பிறகு அந்த மேஜைக்கு நான் போகவில்லை. கோவாவில் அவர் வெகுதூரம் வந்து, கடைசிச் சிப்ஸோடு இருந்த யாரோ ஒருவரிடம் மோதிப் பாதியை இழந்து, மீதியும் கரைந்து திரும்பினார் என்று சுபேதார் சொன்னார். ஓய்வுபெற்றதும் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். போகிற அன்று சுமதிக்கு ஒரு டப்பா கல்கல் பலகாரம் கொடுத்தனுப்பினார். எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை.

சுமதி இப்போது ஓபிடிக்கு இன்சார்ஜ். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளுடைய பை சாப்பாட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு லீவு விண்ணப்பம். அஸ்வினி என்று ஒரு ஜூனியர் நர்ஸ், அவளுடைய அம்மாவுக்கு சோலாப்பூரில் ஆபரேஷன். அடியில் சுமதியின் கையெழுத்து, வெள்ளிக்கிழமைத் தேதி.

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. நாளைக்கு மெடிக்கல் கேம்ப்புக்கு ஆளு வேணும். இப்பவே சொன்னா இன்னைக்கே ஊருக்குக் கிளம்பிருவா. நாளைக்கு டியூட்டிக்கு வந்துட்டுப் போகட்டும், சாயங்காலம் சொல்லிக்கிறேன்.”

மார்க்கெட் காய்கறியைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே மூக்கில் இருந்த கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். அவளும் நாற்பது தாண்டியவள். கண்ணாடி போடத்தான் செய்வாள். ஆனால் ஒரு கணம் எனக்கு எதிரில் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

அவளுடைய ஃபோனை எடுத்து மேஜைமேல் அவள் முன்னால் தள்ளினேன். தள்ளிய கையை எடுக்கவில்லை.

“என்னங்க இது?”

“இன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணு தூங்கட்டும் சுமதி.”

என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. அவள் கை தானாக முதுகுப் பக்கம் போய், பெல்ட் இருந்த இடத்தைத் தடவியது. பிறகு ஃபோனை எடுத்து நம்பரைத் தட்டினாள்.